பச்சை விளக்கு எரிகிறது, படம் தெரியவில்லை

கேள்வி: ஐயா, சென்ற வசந்த காலத்தில் 2006-ஆம் வருஷத்து மாடலான டிராவல் ட்ரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். ஜூலை மாதம் குழந்தைகளின் விடுமுறையில் அதை இழுத்துக்கொண்டு எல்லோஸ்டோனுக்குப் போவதாக உத்தேசம். அதன் கூரைமேல் விங்கார்ட் கம்பெனியின் அகன்ற இறக்கை ஆண்டெனா இருக்கிறது. சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது. ஆயினும் இரண்டு மூன்று நிலையங்களுக்கு மேல் டி.வி.யில் வருவதில்லை, வருகிறவையும் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடுகின்றன. புது டி.வி. வாங்கி மாட்டியும் பயனில்லை. ஆண்டெனா டிஜிட்டலுக்கு முந்திய காலத்தது, மாற்றிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். இரண்டாவதாக, வீட்டு வாசலில் மின்சார இணைப்போடு நிற்கும்போது விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிகின்றன. இணைப்பில்லாத முகாமிலோ, ராத்திரி ஃபர்னஸ் ஓடத் தொடங்கியதும் மங்கிவிடுகின்றன. பேட்டரியை மாற்றியும் அப்படியே. மூன்றாவதாக, கராஜிலுள்ள பழைய இரட்டைத் துளை சாக்கெட்டில் அடாப்டர் வைத்துத்தான் இப்போது ட்ரெய்லரைச் செருகுகிறோம். அதற்கென்று தனியாக 30 ஆம்பியர் சாக்கெட் வைத்துக்கொள்ளலாமா? மழை பெய்த மறுநாள் படியில் கால் வைக்குமுன் கதவுப் பிடியைத் தொட்டபோது கையில் சுருக்கென்று இருந்ததாக என் மனைவி சொன்னாள். நான் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

— ஒரு வாசகர், அரோரா, கொலராடோ

பதில்: கடிதத்தின் கடைசி வாக்கியத்தில், போகிற போக்கில் தாங்கள் குறிப்பிட்டிருக்கும் விஷயத்தையே நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதையும் விளக்கிச் சொல்வதற்கு முன்னால் தங்களை வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. இந்தப் பத்திரிகையை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு எழுந்து சென்று, அந்தக் கராஜ் சாக்கெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இனி எக்காரணம் கொண்டும் அதில் அந்த ட்ரெய்லரைச் செருகாதீர்கள். படம் வராத ஆண்டெனாவும் மங்கும் விளக்கும் ஒரு மாதம் காத்திருக்கும். கதவுப் பிடியில் தோன்றிய அந்தச் சுருக்கென்ற உணர்ச்சி ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடியதன்று.

1960-களுக்கு முன்னர் கட்டிய அமெரிக்க வீடுகள் பலவற்றில் இரண்டு துளைகள் மாத்திரமே உள்ள சாக்கெட்டுகள் இன்றும் காணப்படுகின்றன. அவற்றுக்கு ஃபேஸ் உண்டு, நியூட்ரல் உண்டு, எர்த் இல்லை. தாங்கள் உபயோகிக்கும் அடாப்டர் மூன்று முனைப் பிளக்கை அந்த இரண்டு துளைகளில் நுழைய வைக்கிறதேயன்றி, இல்லாத எர்த்தை எங்கிருந்தும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ட்ரெய்லரின் இரும்புச் சட்டமும் அலுமினியத் தகடுகளும் கதவும் படியும் எல்லாம் எர்த் கம்பியின் மூலமாக வீட்டின் மெயின் பெட்டியோடு பிணைந்திருந்தால்தான், உள்ளே எங்கேனும் மின்சாரம் கசிந்து வண்டியின் உடலில் ஏறும்போது அது அக்கம்பி வழியே திரும்பியோடி பிரேக்கரை விழச்செய்யும். அந்தப் பிணைப்பு அறுந்திருக்கையில், ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் அவ்வண்டிக்குப் பூமியோடு வேறு சம்பந்தமே இல்லாமையால், ஏறிய மின்சாரம் உடலிலேயே தங்கி நின்று, ஈரத்தரையில் நின்றபடி முதலில் யார் கை வைக்கிறாரோ அவர் வழியாகப் பூமிக்கு இறங்கப் பார்க்கும்.

தங்கள் மனைவிக்குத் தெரிந்தது தங்களுக்குத் தெரியாமற் போனதில் வியப்பில்லை. அவர் வெறுங்காலோடோ நனைந்த செருப்போடோ நின்றிருப்பார். தாங்கள் உலர்ந்த ரப்பர் அடிக் காலணியோடு தொட்டிருப்பீர்கள். வண்டிக்குள் இருக்கிறவரைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் நேராது. மின்கம்பியில் உட்கார்ந்த காக்கையைப்போல உடல் முழுவதும் ஒரே அழுத்தத்தில் இருப்பதே காரணம். ஒரு கால் தரையிலும் ஒரு கை பிடியிலுமாக இருக்கும் அந்த ஒரு கணம்தான் அபாயம். விளையாடிவிட்டு ஓடிவந்து ஏறும் குழந்தைக்கு அந்தக் கணம் ஒரு நாளில் எத்தனை முறை வாய்க்கும் என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதை இலேசாகக் கொள்ளச் செய்யும் சமாதானம் ஒன்று வழங்கிவருகிறது. மைக்ரோவேவ், வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டர் முதலியவற்றினுள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு கண்டென்சர்கள் வைத்திருப்பார்கள். அவை ஃபேஸுக்கும் உடலுக்கும் இடையே ஒன்றும், உடலுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒன்றுமாக அமைவதால், எர்த் இல்லாத வண்டியின் உடலில் 120 வோல்ட்டில் பாதியான 60 வோல்ட் அளவுக்குத் தோன்றுவதுண்டு. அதன் பின்னாலுள்ள மின்னோட்டம் மிகவும் சொற்பம்; சுருக்கென்பதோடு போய்விடும். தாங்கள் கண்டது இதுவாகவும் இருக்கலாம். ஆனால் வாட்டர் ஹீட்டரின் காயில் உறை வெடித்து, அதனுள்ளிருக்கும் கம்பி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஆரம்பத்தில் அதே சுருக்குத்தான் தெரியும். அங்கே பின்னால் நிற்பது வீட்டின் முழு மின்சாரம். விரல் நுனியின் உணர்ச்சியைக்கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலாது.

ட்ரெய்லரின் பக்கத்தில் ஒரு செம்புக் கழியைத் தரையில் அடித்து, அதைச் சட்டத்தோடு கம்பியால் இணைத்துவிட்டால் போதும் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நல்ல மண்ணில் இறக்கிய கழிக்கும் பூமிக்கும் இடையே 25 ஓம் தடை இருப்பது சாதாரணம். 120 வோல்ட்டை 25-ஆல் வகுத்தால் ஐந்து ஆம்பியருக்கும் குறைவு. 15 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையவே அசையாது, உடலில் ஏறிய மின்சாரமும் இறங்காது. காப்பாற்றுவது மண்ணன்று, மெயின் பெட்டிவரை அறுபடாமல் ஓடும் எர்த் கம்பியே.

கசிவு உண்மையில் உள்ளதா என்று கண்டுபிடிப்பதற்கு ஆபத்தில்லாத முறை இருக்கிறது. எர்த் சரியாக உள்ளதும், ஜி.எஃப்.சி.ஐ. என்னும் பாதுகாப்புப் பொத்தான் பொருந்தியதுமான மூன்று துளை சாக்கெட் ஒன்றில், ட்ரெய்லரின் பெட்டியிலுள்ள பிரேக்கர்கள் அனைத்தையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். போகிற மின்சாரத்துக்கும் திரும்புகிற மின்சாரத்துக்கும் ஏறக்குறைய ஐந்து மில்லி ஆம்பியர் வித்தியாசம் ஏற்பட்டாலே அந்தப் பொத்தான் துண்டித்துவிடும். பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். எதைப் போடும்போது துண்டிக்கிறதோ அந்தக் கிளையில்தான் குற்றவாளி இருக்கிறது. பெரும்பாலும் அது வாட்டர் ஹீட்டராகவோ, ஃபிரிட்ஜின் பின்புறத்துச் சூடேற்றும் காயிலாகவோ இருக்கும். எல்லாப் பிரேக்கர்களும் அணைந்திருக்கும்போதே துண்டித்ததானால், எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அவ்விரண்டும் வீட்டின் மெயின் பெட்டியில் மாத்திரமே கூடவேண்டியவை, ட்ரெய்லரின் பெட்டிக்குள் பிரிந்தே நிற்கவேண்டும். முந்திய சொந்தக்காரர் யாராவது புதிய சாக்கெட் வைக்கும்போது அறியாமல் இணைத்திருப்பார். அதைத் தேடிப் பிரிப்பதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இனி விளக்கு மங்கும் விஷயம். தாங்கள் எழுதியிருப்பதிலேயே விடை பாதி இருக்கிறது. வீட்டு இணைப்பு உள்ளபோது விளக்குகளுக்கு வேண்டிய 12 வோல்ட்டை கன்வெர்ட்டரே சுமார் 13.6 வோல்ட்டாக நேரே கொடுத்துவிடுகிறது. பேட்டரியின் பாதை கெட்டிருந்தாலும் அப்போது வெளியே தெரியாது. இணைப்பு நீங்கியதும் பேட்டரியே எல்லாவற்றுக்கும் ஆதாரமாகிறது. ஃபர்னஸின் காற்றாடியோ ஓடத் தொடங்கியவுடன் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கிறது. புது பேட்டரியிலும் அதே மங்கல் என்றால் பழுது பேட்டரியில் இல்லை, பேட்டரிக்கும் வண்டிக்கும் இடையே ஒரு மூட்டில் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் இது எவ்வளவு சிறிய பழுது என்பது விளங்கும்: ஒரு துருப்பிடித்த போல்ட்டின் தடை ஒரு ஓமில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், எட்டு ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது 1.6 வோல்ட் அங்கேயே தங்கிவிடுகிறது, பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தும் விளக்குக்குக் கிட்டுவது பதினொன்றுதான்.

பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து புறப்படும் கறுப்பு அல்லது வெள்ளைக் கம்பி, கொக்கிக்கு அருகே ட்ரெய்லரின் சட்டத்தில் ஒரு போல்ட்டினால் இறுக்கப்பட்டிருக்கும். சாலையின் நீரும் குளிர்காலத்தில் தூவும் உப்பும் முதலில் தாக்குவது அந்த இடத்தைத்தான். இருபது டாலருக்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஃபர்னஸை ஓடவிட்டு, ஒரு முள்ளை பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றொன்றைச் சட்டத்தில் பெயிண்ட் சுரண்டிய இடத்திலும் வைத்துப் பாருங்கள். மூட்டு நன்றாக இருந்தால் பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டாது. அரை வோல்ட்டோ ஒரு வோல்ட்டோ காட்டினால், பேட்டரியைத் துண்டித்துவிட்டு அந்த போல்ட்டைக் கழற்றுங்கள்; வாஷருக்கும் சட்டத்துக்கும் நடுவில் செம்பழுப்புப் பொடியாகத் துரு உதிரும். இரும்பு வெள்ளையாக மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பற்கள் உள்ள புது வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிட்டால் தீர்ந்தது. அங்கே குற்றம் இல்லையென்றால் அதே முறையில் ப்ளஸ் பக்கத்துக் கம்பியையும், வழியிலுள்ள ஃபியூஸையும், பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்சையும் இரு முனைகளிலும் தொட்டு அளந்துகொண்டே போங்கள். எல்லோஸ்டோனுக்குள் மின் இணைப்புள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். வேறெங்கே இடம் கிடைத்தாலும், ஜூலையிலும் நடுங்கவைக்கும் அந்த மலைக்குளிரில் தங்கள் குடும்பம் பேட்டரியை நம்பித்தான் தூங்கவேண்டியிருக்கும். ஆதலால் இந்தச் சிறு வேலையைப் புறப்படுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஆண்டெனாவுக்கு வருவோம். கடைக்காரர் சொல்வது தவறு. வானொலி அலைக்கு அனலாக் என்றும் டிஜிட்டல் என்றும் பேதம் கிடையாது. ஆண்டெனா அறிவது அலைவரிசையை மாத்திரமே. 2009-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி அமெரிக்காவின் முழு வலிமை நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது, அவை அனுப்பும் செய்தியின் உருவம் மாறிற்றே தவிர, அந்தச் செய்தி ஏறிவரும் அலை மாறவில்லை. மாறியது நாம் பார்க்கும் குறையின் தோற்றம். முன்பெல்லாம் அலை பலவீனமாயிருந்தால் பனி தூவியதுபோல் மங்கலாகவாவது படம் தெரிந்துகொண்டிருக்கும்; இப்போது ஓர் எல்லைவரை குறையற்ற படமும், அதற்குக் கீழே கட்டங்களாய்ச் சிதறி முற்றிலும் இன்மையும் என்றாகிவிட்டது. ஆகவே சிறிது பலக்குறைவு ஏற்பட்டாலும் ஆண்டெனா செத்துவிட்டது என்றே தோன்றும்.

அயோவா மாநிலத்துப் பர்லிங்டனில் தோன்றிய விங்கார்ட் கம்பெனியார் தங்கள் 'சென்சார்' வகை ஆண்டெனாக்களில் பெருக்கியைச் சுவரில் வைக்காமல், கூரைமேல் ஆண்டெனாவின் தலையிலேயே வைத்தார்கள். கேபிளில் இறங்கி வரும்போது அலை இழக்கும் பலத்தை, இழப்பதற்கு முன்பே கூட்டிக்கொள்ளும் நல்ல யோசனை அது. ஆனால் அந்தப் பெருக்கிக்கு மின்சாரம் வேண்டுமே! படத்தைக் கீழே கொண்டுவரும் அதே கோ-ஆக்சியல் கேபிளின் வழியாகவே, சுவரிலுள்ள பொத்தான் 12 வோல்ட்டை மேலே அனுப்புகிறது. தாங்கள் காணும் பச்சை விளக்கு, அந்தப் பொத்தானுக்கு மின்சாரம் வந்திருக்கிறது என்பதற்கு மாத்திரமே சாட்சி. அது கூரைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அவ்விளக்குக்குத் தெரியாது. மின்சாரம் எட்டாத பெருக்கி பெருக்காமல் சும்மா இருப்பதோடு நிற்பதில்லை, வருகிற அலையையும் மறித்துக்கொள்கிறது. மிக வலிமையான இரண்டு மூன்று நிலையங்கள் மாத்திரமே அதைத் தாண்டிக் கசிந்து வரும். தங்கள் கடிதத்திலுள்ள வர்ணனை இதற்கு அப்படியே பொருந்துகிறது.

முதலில் அந்தப் பொத்தான் உள்ள சுவர்த்தகட்டின் திருகுகளைக் கழற்றி முன்னால் இழுங்கள். ஆண்டெனாவுக்குப் போகும் கேபிளைத் திருகி எடுத்துவிட்டு, பொத்தானைப் போட்டு, தகட்டில் அது இருந்த முனையின் நடுத் துளைக்கும் வெளி மரைக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 12 வோல்ட்டை ஒட்டி இல்லாவிட்டால் தகடே கெட்டது. இருந்தால், கேபிளை மறுபடி மாட்டுமுன் அது போகும் வழியில் கண்ணுக்கெட்டிய மட்டும் அலமாரிகளுக்குப் பின்னால் தேடுங்கள். இரண்டாவது டி.வி.க்கென்று யாரேனும் நடுவில் ஒரு ஸ்ப்ளிட்டரைச் சொருகியிருக்கக்கூடும். இரண்டு டாலர் ஸ்ப்ளிட்டர்களில் பெரும்பாலானவை அலையைக் கடத்திவிட்டு டி.சி. மின்சாரத்தை நிறுத்திவிடும். பழைய வண்டிகளில் இக்கோளாறுக்கு முதற்காரணமாக நான் சந்தேகிப்பது அதைத்தான். ஸ்ப்ளிட்டர் வேண்டுமென்றால் சுவர்த்தகட்டுக்கும் டி.வி.க்கும் இடையே இருக்கட்டும். தகட்டுக்கும் கூரைக்கும் இடையே ஒருபோதும் கூடாது.

அப்படி எதுவும் அகப்படாவிட்டால், வீட்டு இணைப்பைத் துண்டித்து பேட்டரியில் மாத்திரம் வைத்துக்கொண்டு, ஒருவர் ஏணியைப் பிடிக்கக் கூரைக்கு ஏறுங்கள். ஆண்டெனாவை ஏற்றி இறக்கும்போதெல்லாம் மடங்கி மடங்கி நிமிரும் இடம் ஒன்று கேபிளில் உண்டு; பல வருஷ வெயிலில் அங்கே கறுப்பு உறை வெடித்து, உள்ளிருக்கும் பின்னல் பச்சை பூத்திருப்பதைக் காண்பீர்கள். ஆண்டெனாவின் தலையில் கேபிளைக் கழற்றி, நடு ஊசியையும் வெளி மரையையும் மீட்டரால் தொடுங்கள். அவ்விரண்டையும் ஒன்றோடொன்று முட்டவிடாதீர்கள், கீழே தகடு கெட்டுப்போகும். அங்கும் 12 வோல்ட் இருந்து, கேபிளை மாட்டியபின் படம் வராவிட்டால்தான் ஆண்டெனாவின் தலையை மாற்றுவதற்கு நியாயம் பிறக்கிறது. மின்சாரம் இல்லையென்றால் சுவருக்குள் ஓடும் கேபிளின்மேல் சந்தேகம். சுவரைப் பிரிக்குமுன், புதிய கேபிள் ஒன்றைத் தகட்டிலிருந்து ஜன்னல் வழியாகக் கூரைக்கு எடுத்துச் சென்று நேரே இணைத்துப் பாருங்கள். படம் வந்துவிட்டால் பழைய கேபிள்தான் என்பது ருசுவாகிவிடும்.

மின்சாரம் சரியாயிருந்தும் படம் உடைகிறதென்றால் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. பொத்தான் அணைந்த நிலையில் தகடு ஆண்டெனாவை விட்டுவிட்டு முகாமின் கேபிள் இணைப்பை டி.வி.க்குக் கொடுக்கும், ஆகையால் நிலையங்களைத் தேடச் சொல்லும்போது பச்சை விளக்கு எரியவேண்டும், டி.வி.யின் மெனுவில் கேபிள் என்றில்லாமல் ஆண்டெனா அல்லது ஏர் என்று இருக்கவேண்டும். 2017-க்குப் பிறகு 38 முதல் 51 வரையிலான சானல்களைக் கைப்பேசி அலைகளுக்கென்று விட்டுக்கொடுத்து, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான நிலையங்கள் இடம் மாறின. 2020 ஜூலையில் அது முடிந்தது. பழைய தேடலை நினைவில் வைத்திருக்கும் டி.வி.க்கு அவை காணாமற் போனவைதான். தாங்கள் வாங்கியது புதிது என்றாலும், ஒவ்வோர் ஊரிலும் புதிதாகத் தேடச் செய்யத்தான் வேண்டும். திசையும் முக்கியம். டென்வர் நிலையங்களின் கோபுரங்கள் பல, நகரத்துக்கு மேற்கே கோல்டனை ஒட்டிய லுக்அவுட் மலைமேல் நிற்கின்றன. கிழக்கே அரோராவிலிருக்கும் தாங்கள் ஆண்டெனாவைத் திருப்பும் கூரைப்பிடியின் முனையை மேற்கு நோக்கித் திருப்பினால் போதும். தூரம் 30 மைலுக்குள் இருப்பதால், பெருக்கி உயிர்பெற்றவுடன் படம் நன்றாகவே வரவேண்டும். கடைசியாக, கூரை விளக்குகளுக்கு மலிவான எல்.இ.டி. பல்புகள் போட்டிருந்தால் எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். அவற்றினுள்ளிருக்கும் சிறு மின்சுற்று எழுப்பும் இரைச்சல், முக்கியமாக 7 முதல் 13 வரையிலான வி.எச்.எஃப். நிலையங்களை அழித்துவிடுவதுண்டு. எல்லோஸ்டோனின் மலைகளுக்கு நடுவே படம் கிட்டாமற் போனால் ஆண்டெனாவின்மேல் குற்றம் சாட்டவேண்டாம். கோபுரமே கண்ணில் படாத இடத்தில் எந்த ஆண்டெனாவும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

எஞ்சியது வீட்டுச் சாக்கெட். அவசியம் வைத்துக்கொள்ளுங்கள், அடாப்டரின் அபாயத்துக்கு அதுவே நிரந்தரப் பரிகாரம். ஆனால் அதைச் செய்ய வருகிறவரிடம் '30 ஆம்பியர் சாக்கெட்' என்று மாத்திரம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்க வீடுகளில் 30 ஆம்பியர் என்றால் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 240 வோல்ட் என்பதே எலெக்ட்ரீஷியன்களின் வாடிக்கையான எண்ணம். நல்ல தேர்ச்சியுள்ளவர்களே அந்தப் பழக்கத்தால் இரட்டைப் பிரேக்கர் போட்டு இரண்டு ஃபேஸ்களை இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ட்ரெய்லரின் 30 ஆம்பியர் சாக்கெட்டுக்கு வேண்டியது 120 வோல்ட், டி.டி.-30 என்பது அதன் பெயர். ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஓர் எர்த், ஒற்றைப் பிரேக்கர், பத்தாம் கேஜ் செம்புக்கம்பி, அவ்வளவே. 50 ஆம்பியர் பெரிய வண்டிகளின் சாக்கெட்டில் 240 வோல்ட் இருப்பது வாஸ்தவம், ஆனால் அங்கே அது வண்டிக்குள் இரண்டு 120-களாகப் பிரிந்துவிடுகிறது. தங்கள் வண்டிக்கு அந்த ஏற்பாடு இல்லை. 240 வோல்ட் ஏறினால் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், ஃபிரிட்ஜின் பலகை, தாங்கள் புதிதாக வாங்கிய டி.வி. எல்லாம் சில விநாடிகளில் கருகிப்போகும். 'டி.டி.-30, 120 வோல்ட்' என்று காகிதத்தில் எழுதியே கொடுங்கள்.

அவர் வேலையை முடித்துச் சென்றபிறகும் உடனே செருகவேண்டாம். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, முட்களின் உலோகத்தில் விரல் படாமல் பிடித்துக்கொண்டு, சாய்வான இரண்டு துளைகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். 120-ஐ ஒட்டி இருக்கவேண்டும். பிறகு வட்டமான எர்த் துளையில் ஒரு முள்ளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தனித்தனியே தொட்டால், ஒன்றில் 120-உம் மற்றொன்றில் ஏறக்குறைய பூஜ்யமும் காட்டவேண்டும். எங்கேனும் 240 என்று வந்தால் பிரேக்கரை அணைத்துவிட்டு அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். எர்த் துளையை வைத்து அளக்கும்போது இரண்டில் ஒன்றில்கூட 120 வராவிட்டால் எர்த் இணையவில்லை என்று பொருள், அப்போதும் செருகக்கூடாது. மூன்று அளவுகளும் சரியாக வந்தபின் செருகி, ஈரமான தரையில் ஒரு நீண்ட திருப்புளியைக் குத்தி, அதற்கும் ட்ரெய்லரின் கொக்கி இரும்புக்கும் இடையே அதே மீட்டரை ஒருமுறை வையுங்கள். இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டாவிட்டால், தங்கள் மனைவியும் குழந்தைகளும் கதவைத் தாராளமாகத் தொடலாம்.